மீசைக்கும் மூச்சுக்கும் நடுவே

1

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஆறாவது மூக்கு கொடுத்தார்கள்.

சிட்னியில் நான் போகும் ஆஸ்பத்திரியில் அதற்கு முகமூடி என்றுதான் பெயர். ஆனால் அது முகத்தை மூடுவதில்லை, மூக்கை மட்டும் கவ்வுகிறது. அதனால் எங்கள் வீட்டில் மூக்கு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். முதல் ஐந்தும் கெட்டியானவை, பசை போட்டு முகத்தில் ஒட்ட வேண்டும். ஆறாவது காது மடல் மாதிரி மெத்தென்று வளைகிறது. பசை கிடையாது, தலையைச் சுற்றி இரண்டு வார் மட்டும். அதை மாட்டிவிட்ட பெண் நாலு வருஷமாக என் மூக்கை அளப்பவள். கைக்கண்ணாடியைக் காட்டி, "இனிமேல் நீங்கள் மீசை வளர்த்துக்கொள்ளலாம். ஒட்டக் கத்தரித்த மீசை என்றால் காற்று கசியாது" என்றாள்.

வேண்டாம் என்றேன்.

அவள் என் அட்டையை எடுத்துப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவளே எழுதிய குறிப்பு அதில் இருந்தது. "மீசை: மதக் காரணம்." மதம் மாறிவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் ஏன் என்றாள். பதினாறு வருஷமாக ஆங்கிலத்தில் பேசித்தான் வயிறு வளர்க்கிறேன். இருந்தும் நாலு வாக்கியத்துக்கு மேல் அதைச் சொல்ல வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். உங்களிடமென்றால் மீசை என்பது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

2

எனக்கு இருப்பது தூக்கத்தில் மூச்சு நிற்கும் வியாதி. தூங்கும்போது தொண்டை தளர்ந்து மூடிக்கொள்ளும். மூச்சு நிற்கும். கொஞ்ச நேரத்தில் உடம்பு பதறி உலுக்கும், ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு மறுபடி ஓடும். தூங்குகிறவனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. காலையில் எழுந்தால் இரவெல்லாம் மூட்டை தூக்கியது போல் இருக்கும், அவ்வளவுதான்.

ஊரில் இருந்தவரை இதற்குப் பெயர் குறட்டை. கல்யாண வீடுகளில் நான் படுத்தால் பக்கத்துப் பாய்க்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்கள். வாடிப்பட்டியில் இருக்கும் என் தங்கை புருஷன் செல்லச்சாமி, கப்பலூரில் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு பட்டறையில் ஃபோர்மேன். "மச்சான் நம்ம வீட்டுல படுத்தா ரோட்டுல போற லாரிக்காரன் வழிவிட்டு ஒதுங்குறான்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சிட்னியில் சாலைத் துறையில் வரைபடம் போடும் வேலை. பலகையில் கோடு இழுத்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவேன். ஒரு தடவை ஒரு பாலத்தின் கோடு ஆற்றைத் தாண்டி, கரையேறி, யாருடைய வீட்டுக்குள்ளோ போய் நின்றது. இன்னொரு நாள் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தி, பச்சை விழுந்தபின்னும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தூங்கினேன். பின்னாலிருந்து ஏழு கார்கள் ஹாரன் அடித்தனவாம். பக்கத்தில் இருந்த என் மனைவி சரோஜா எண்ணிச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனேன்.

ஒரு நாள் இரவு உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்துவிட்டுக் காலையில் டாக்டர் கணக்குச் சொன்னார். மணிக்கு நாற்பத்திரண்டு தடவை மூச்சு நிற்கிறது. படிக்கட்டு, ஜன்னல் கம்பி, தெருவிளக்கு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுகிறவன் நான். இதை மட்டும் எண்ணாமல் விட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து, நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று சரோஜாவைக் கோபித்தேன்.

"சொல்லாம என்ன? நிக்கும்போதெல்லாம் ஒங்க விலாவுல ஒரு குத்து விடுறேன். இருவத்தாறு வருசமாக் குத்துறேன். எதுக்குடி குத்துறன்னு என்னைக்காவது கேட்டிருக்கீகளா?"

கேட்டதில்லைதான்.

3

இதற்கு மாத்திரை இல்லை. ஒரு மோட்டார் காற்றை ஊதும். அது குழாய் வழியாக மூக்குக்குள் போய்த் தொண்டை மூடாமல் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். அப்போதுதான் புதிதாக வந்திருந்த வைத்தியம். மோட்டார் போடுகிற சத்தத்துக்கு அதை அடுத்த அறையில் வைத்து, கதவிடுக்கு வழியாகப் பத்தடிக் குழாய் இழுத்துக்கொண்டோம். அதெல்லாம் ஒரு நாள் வேலை. வருஷக்கணக்கில் இழுத்தடித்தது மூக்குதான்.

அதைக் கடையில் வாங்க முடியாது. கை முறிந்தால் கட்டுகிற மாவுக்கட்டு இருக்கிறதே, அதே மாவைக் குழைத்து மூக்கில் அப்பி அச்செடுத்து, ஆளுக்கு ஆள் தனியாகச் செய்து கொடுத்தார்கள். படுக்கப் போகும்போது இரண்டு ட்யூபிலிருந்து பசையைப் பிதுக்கிக் கலந்து, விளிம்பில் தடவி, மூக்கின் மேல் வைத்து அமுக்கிக்கொண்டு, காயும்வரை பேசாமல் இருக்க வேண்டும். காலையில் உரித்தெடுக்க வேண்டும்.

முதல் மூக்கு எலும்பில் அழுத்திப் புண்ணாக்கியது. இரண்டாவது இடது பக்கம் கசிந்து கண்ணுக்குள் காற்றடித்தது. காலையில் என் ஒரு கண் மட்டும் அழுதிருக்கும். இதெல்லாம் தேய்த்து, சுரண்டி, சரி செய்யக்கூடிய குறைகள். சரி செய்ய முடியாதது மீசை. பசை தோலைப் பிடிக்காமல் மயிரைப் பிடித்தது. முதல் நாள் காலை உரித்தபோது பதினொரு மயிர் கூடவே வந்தது. மறுநாள் பதினாறு. மீசையில் மொத்தம் எத்தனை மயிர் என்று தெரியாததால், இது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கணக்குப் போட முடியவில்லை. பத்தாம் நாள் இடது பக்கம் ஆடு மேய்ந்த கொல்லையாகிவிட்டது. பதினோராம் நாள் கண்ணாடி முன்னால் நின்று மிச்சத்தையும் நானே எடுத்தேன்.

அன்றைக்கு மூக்கு கச்சிதமாக ஒட்டியது. எட்டு மணி நேரம் தூங்கினேன். விடிந்து எழுந்தால் தலைக்குள் யாரோ ஒட்டடை அடித்து, கழுவி விட்டது போல் இருந்தது. ஐம்பத்தேழு வயதில் ஒரு மனிதன் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்ததைப் பார்த்து சரோஜா சிரித்தாள். பிறகு என் மேலுதட்டைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"அத்தை இருக்காகள்ல" என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை மீசையை எடுப்பது தாய் தகப்பன் காரியத்துக்குத்தான். ஆயுளில் இரண்டே தடவை. அப்பாவுக்காக முப்பத்திரண்டு வயதில் எடுத்தாயிற்று. அடுத்தது அம்மாவுக்கு உரியது. அம்மாவோ வாடிப்பட்டியில் தங்கை வீட்டில், எண்பது வயதில், இரண்டு எருமைகளையும் ஒரு மருமகனையும் அதட்டிக்கொண்டு நன்றாகவே இருந்தாள்.

4

போட்டோ எடுக்காமல் இருந்தால் ஊருக்குத் தெரியாது என்று நினைத்தேன். என் மகள் வெண்ணிலாவை மறந்துவிட்டேன்.

அவள் தனியாக வீடு எடுத்துத் தோழிகளோடு இருக்கிறாள். மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவாள். என் பிறந்தநாளுக்கு வந்தவள் கேக்கோடு என்னைப் படம் பிடித்தாள். அவளுக்குத் தமிழில் கடிதம் எழுத வராது, அதனால் ஊருக்கு எதையாவது அனுப்பினால் படமாகத்தான் அனுப்புவாள். இதையும் அனுப்பிவிட்டாள்.

மூன்று வாரத்தில் தங்கை தவமணியின் கடிதம் வந்தது. முதல் வரி: "அண்ணனுக்கு, அம்மா எழுதச் சொன்னது. நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்."

அதற்குக் கீழே விஷயம். தவமணியின் மகள் செல்விக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் நான்தான் மாலை போட்டுக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டி வர வேண்டும். "மீசையோட வா அண்ணே. மழிச்ச மூஞ்சியோட தாய்மாமன் வந்து நின்னா, சம்பந்தி வீட்டுல எழவு வீட்டுக்கு வந்துட்டமான்னு நெனப்பாக. அம்மா ஒன் படத்தைப் பாத்ததுல இருந்து சரியாச் சாப்புடல."

வெண்ணிலாவிடம் சொன்னேன். அவள் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே, "உங்க ஃபேஸ்தானேப்பா? நீங்கதான் டிசைட் பண்ணணும்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. சிட்னியில் என் முகம் என்னுடையது. வாடிப்பட்டியில் அதற்கு நாற்பது பங்காளிகள். இதை அவளுக்கு விளக்கப் பார்த்தேன். "ஓகேப்பா" என்றாள். அவள் ஓகே என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஏழு வாரம் இருந்தது. மீசையை விட்டேன். மீசை வர வர, மூக்கு ஒட்டுவது நின்றது. பஞ்சர் ஆன சைக்கிள் ட்யூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கியது போல் புஸ் புஸ் என்று காற்று போகும். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் விளிம்பை இரண்டு தடவை தேய்த்துப் பார்த்துவிட்டு, மழித்துவிடுங்கள் என்றாள். "என் தாயார் உயிரோடு இருக்கிறார், அதனால் மழிக்க முடியாது" என்றேன். அவள் பேனாவை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். அப்போது எழுதியதுதான் அந்த மதக் காரணம்.

கார் ஓட்டுவதை விட்டேன். வேலைக்கு ரயிலில் போய் வந்தேன். இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டித் தூங்கிப்போனது நாலு தடவை. ஒரு தடவை கடைசி ஸ்டேஷன்வரை போய், பெட்டியைக் கூட்டுகிறவர் எழுப்பினார்.

5

மெட்ராஸ் விமான நிலையத்தில் கஸ்டம்ஸ்காரர் பெட்டியைத் திறந்தார்.

"இது என்ன சார், வாக்குவம் கிளீனரா?"

"மூச்சு மிஷின்."

"இது?"

"மூக்கு."

"ரெண்டு இருக்கே."

"ஒன்று ஸ்பேர்."

அவர் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். "வாங்க, இங்க ஒருத்தர் ஸ்பேர் மூக்கு கொண்டாந்திருக்காரு." டாக்டர் கடிதத்தைக் காட்டினேன். போட்டுக் காட்டச் சொன்னார்கள். எனக்குப் பின்னால் பத்தொன்பது பேர் நிற்க, மூக்கைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில், இங்கே விற்காமல் திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்று பாஸ்போர்ட்டில் எழுதினார்: காற்று ஊதும் மோட்டார் ஒன்று, மூக்கு இரண்டு. கையெழுத்து, முத்திரை. தன் மூக்குக்கு அரசாங்க அத்தாட்சி உள்ளவன் அன்றைக்கு மதுரை ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

வாடிப்பட்டியில் மிஷினைப் பார்க்க வந்தவர்கள் முதல் நாள் முப்பத்தொரு பேர். அதில் ஒருவர் மோட்டாரைத் தட்டிப் பார்த்து, "இதை வச்சு எம்புட்டு ஏக்கருக்குத் தண்ணி பாய்ச்சலாம்?" என்று கேட்டார்.

அம்மா மிஷினைப் பார்க்கவில்லை. என் மீசையைப் பார்த்தாள். ஏழு வாரத்து மீசை, பாதிக்கு மேல் நரை. "இது இருக்கட்டும்" என்றாள். அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள் என்று தவமணி சொன்னாள்.

6

செல்லச்சாமி மாப்பிள்ளைக்கு விஷயத்தைச் சொன்னேன். என் கெட்டி மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மச்சான், இது நம்ம தொழிலு. பம்புசெட்டுல தண்ணி ஒழுகுனா வாஷர் போடுறோம்ல? இதுக்கும் ஒரு வாஷர் போட்டாச் சரியாப் போச்சு."

மறுநாள் கப்பலூரிலிருந்து கறுப்பு ரப்பரில் ஒரு விளிம்பு செய்து கொண்டுவந்தார். மீசைக்கு மேலே வளைவாக வெட்டி, உள்பக்கம் மெல்லிசாகச் சீவி, நேர்த்தியான வேலை. சாப்பாட்டுக்குப் பின் அதை மாட்டிக்கொண்டு படுத்தேன். பத்து நிமிஷம் கசியவில்லை. அந்தப் பத்து நிமிஷமும் லாரி டயருக்குள் தலையை விட்டது போல் நாற்றம். வியர்க்க ஆரம்பித்ததும் ரப்பர் வழுக்கிக் கீழே இறங்கியது. எழுந்து முற்றத்துக்கு வந்தேன். மூக்கைச் சுற்றி முக்கோணமாகக் கறுப்புக் கோடு.

"என்ன மாப்ள, மூஞ்சியில கரியப் பூசிட்டீகளே" என்றேன்.

"திருஷ்டிக்கு இருக்கட்டும் மச்சான்" என்றார். பிறகு வருத்தத்தோடு, "ஒட்டு மீசை ஒண்ணு ஏற்பாடு பண்ணுவமா? முகூர்த்த நேரத்துக்கு மட்டும்" என்றார்.

"நான் மாலை போடக் குனியிறப்ப, மீசை செல்வி தலையில விழுந்தா?"

அந்த யோசனை அதோடு போயிற்று.

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று நாள். பத்திரிகை வைக்கப் போன இடத்தில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். ஆறு வீட்டில் நாலு வீடு. சரோஜாவுக்குத்தான் பயம். "மணவறையில நின்னுக்கிட்டே தூங்கி விழுந்துருவீகளோன்னு இருக்கு" என்றாள். எனக்கும் அதே பயம். ஆனால் அம்மாவிடம் எப்படிப் பேச்சை எடுப்பது? நீ இருக்கும்போதே உனக்கானதை எடுத்துவிடட்டுமா என்று எந்த மகன் கேட்பான்?

அடுத்த நாள் மத்தியானம் பந்தலில் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நான் தூங்கிவிட்டேன். அதற்கப்புறம் நடந்தது சரோஜா சொல்லித்தான் தெரியும். குறட்டை ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றது. அம்மா நிமிர்ந்தாள். வாய் திறந்திருக்கிறது, நெஞ்சு ஏறவில்லை. மொச்சை முறம் ஒரு பக்கம் போக, என் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை.

"டேய் ராசு! மூச்சு விடுடா!"

கண் விழித்தேன். அம்மா என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள்.

"என்னடா இது? செத்துப் போயிட்டியே."

"இல்லம்மா. இது தினம் நடக்குறதுதான்."

"தினமுமா?"

"மணிக்கு நாப்பத்திரெண்டு தடவை" என்றேன். கேட்டால் எண்ணைச் சொல்லிவிடுவது என் சுபாவம். சொன்னபின் அவள் முகத்தைப் பார்த்து, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"ஒரு ராத்திரிக்கு எம்புட்டு?"

"எட்டு மணி நேரம்னா முந்நூத்தி முப்பத்தாறு."

"முந்நூத்தி முப்பத்தாறு தடவை செத்துச் செத்தா பொழைக்கிற?" என்றாள். "அந்த மிசினு இதை நிப்பாட்டுமா?"

"நிப்பாட்டும்மா."

"பெறகு ஏன் மாட்டாம இருக்க?"

 அறியாமலே என் கை மீசைக்குப் போயிருக்கிறது. அம்மா அதைப் பார்த்தாள். சிதறிய மொச்சையைப் பொறுக்கினாள். மிச்சம் இருந்ததையும் உரித்து முடித்தாள். பிறகு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"தவமணி, சலூன் சுந்தரத்த வரச் சொல்லு."

தவமணி ஓடி வந்தாள். "அம்மா, நாளைக்கழிச்சுக் கல்யாணம்மா!"

"கல்யாணத்துக்குத்தாண்டி சொல்றேன். தாய்மாமன் உசுரோட நிக்க வேணாமா?"

7

சுந்தரம் பெட்டியோடு வந்தவர், விஷயம் தெரிந்ததும் பெட்டியைத் திறக்கவில்லை.

"ஆத்தா, நீங்க இருக்கையில நான் எப்பிடி அண்ணன் மீசையில கத்திய வைக்கிறது? ஊருல என்னையத்தான் பேசுவாக."

"நான் இருக்கேன்னு ஊரு பாக்கணும்ல? நாற்காலியத் தூக்கி வாசல்ல போடு. நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன். எடு."

வாசலில் உட்கார்ந்தோம். தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கல்யாணத்துக்கு வரச் சொன்னாள். சுந்தரம் கை மெதுவாகத்தான் போயிற்று. வலது பக்கம், இடது பக்கம். முடிந்ததும் அம்மா தன் முந்தானையால் என் உதட்டைத் துடைத்தாள்.

அன்றும் மறுநாளும் மூக்கு ஒட்டியது. நன்றாகத் தூங்கினேன். மோட்டார் வைத்த அறைக்கு வெளியே அம்மா கட்டிலைப் போட்டுக்கொண்டு அதன் சத்தத்தில் படுத்திருந்தாள். நிம்மதியாக இருக்கிறது, பம்புசெட்டுப் பக்கத்தில் படுத்த மாதிரி என்றாள்.

கல்யாணத்தன்று நான் மாலையோடு வந்தபோது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "என்னப்பா, யாரு தவறுனது? சொல்லவே இல்லையே" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. மேளக்காரரே ஒரு கணம் நிறுத்தினார்.

"யாரும் தவறலய்யா. தவறக் கூடாதுன்னு நான்தான் எடுக்கச் சொன்னேன். அங்க என்னடா பேச்சு? பொண்ணு நிக்கிது பாரு, மாலையப் போடு."

போட்டேன். செல்வியின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வந்தேன். கண்ணில் தூக்கம் துளிகூட இல்லை. "மாமா, கைய இம்புட்டு இறுக்கிப் பிடிக்காதீக" என்று அவள் குனிந்த தலையோடு முணுமுணுத்தாள்.

இரண்டு வருஷம் ஆகிறது. அம்மா நன்றாக இருக்கிறாள். இந்த ஆறாவது மூக்கு மீசைக்கு இடம் கொடுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் மறுபடி மீசை வளர்த்தால், அதை எடுக்கப்போகும் நாளுக்காக வளர்ப்பதாக ஆகிவிடுமோ என்று எனக்கு ஒரு பயம். அந்த நாலு வாக்கியத்துக்கு மேல் ஆங்கிலத்தில் வராமல் போனது இதுதான்.

கல்யாணம் முடிந்து நாங்கள் புறப்பட்ட அன்று வாசலில் வைத்து அம்மா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். மிஷினைக் காரில் ஏற்றியாயிற்று. அம்மா என் மேலுதட்டை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"எனக்காக எடுக்க வேண்டியத எடுத்தாச்சு. இனி நீ அதுக்காகப் பறக்க வேணாம். நாளைக்கு நான் போயிட்டேன்னு தந்தி வந்தா, அடிச்சுப் பிடிச்சு ஓடியாராத. மூக்க மாட்டிக்கிட்டு நல்லாத் தூங்கு. தூங்கி எந்திரிச்சு, பெறகு வா."

"சரிம்மா" என்றேன்.